வரிசையில் நின்றபடி அழித்தவை

மந்தைவெளிக்குக் குடிவந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது, இங்குள்ளவர்கள் கைபேசியைப் பிறரிடம் கொடுக்கும் விதம். தேநீர்க் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் திறந்த கைபேசியை என்னிடம் நீட்டி, "கண்ணாடி எடுத்துனு வர்ல சார், இன்னா வந்துக்கீதுன்னு படிச்சி சொல்லு" என்பார். அவருடைய வங்கிச் செய்தியும் பேத்தியின் படமும் என் உள்ளங்கையில் கிடக்கும். வேறெதையும் பார்க்காமல் படித்துச் சொல்லிவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். இலங்கையில் எங்கள் பக்கம், வவுனியா தாண்டி இராணுவச் சோதனைச் சாவடி நெருங்கும்போதே பேருந்து அமைதியாகிவிடும். தலை குனிந்து எல்லோரும் அழிப்போம்: படங்களை, செய்திகளை, கூடப்பிறந்தவனின் இலக்கத்தைக்கூட. சிப்பாய் திறந்து பார்க்கையில் எதுவுமில்லாத வெறும் கைபேசிதான் நம்மை வீடு சேர்க்கும். சண்டை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சென்னையிலும், அகதிப் பதிவுக்காகக் காவல் நிலையம் போகும் காலைகளில் வாசலில் நின்று அழித்துவிட்டே கிளம்புவேன். பள்ளிக்குப் புறப்படும் மகள் வதனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் அடையாறில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. மாலை டியூஷனுக்காகக் கைபேசி கொண்டுவரும் பிள்ளைகள் காலையிலேயே அதை வகுப்பாசிரியையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆடி முதல் வாரத்துச் செவ்வாய்க்கிழமை, ஆசிரியை ஒருவர் வகுப்பில் கண்ணயர்ந்ததை யாரோ படம்பிடித்துப் பரப்பிவிட்டார்கள். ஒப்படைக்காதவர்கள் கைபேசியோடு அலுவலகத்துக்கு வரவேண்டும் என்றார்கள். வதனி அன்று ஒப்படைக்க மறந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திறந்து நீட்டினார்கள். என் மகள் வரிசையில் நின்றபடி எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

"மத்த பசங்க ஃபோன்ல அவ்ளோ குப்பை இருக்கு சார். உங்க பொண்ணோடதுல மட்டும் ஒண்ணுமே இல்ல. தப்பு பண்ணலன்னா எதுக்கு அழிக்கணும்?" என்றார் என்னை வரவழைத்த தலைமையாசிரியை.

சாவடியைப் பற்றிச் சொன்னேன்.

"செக்போஸ்ட்ல ஃபோனை எதுக்குப் பாக்கப் போறாங்க? ஹெல்மெட்டு, லைசென்ஸுதான பாப்பாங்க?"

பிறகு தணிந்த குரலில், "திங்கட்கிழமை வரைக்கும் பாக்குறேன். எடுத்தவங்க தானா வந்து சொல்லலன்னா இந்த ஃபோனை போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடுவேன். அழிச்சதெல்லாம் அவங்க எடுத்துடுவாங்களாம்" என்றார். அவரிடம் கோபம் இல்லாததுதான் எனக்குக் கூடுதல் பயம். அதே ஊரில்தான் எங்கள் பெயர்களும் ஒரு காவல் நிலையத்தில் அகதிகளாகப் பதிவாகிக் கிடக்கின்றன.

வாயிற்காவலர், "இன்னா நைனா, ஒரு ஃபோனுக்கா மூஞ்சி இப்டி தொங்கிப்போச்சு?" என்று தேற்றினார்.

பேருந்தில் வதனியைக் கேட்டேன்: "ஏன் பிள்ளை அழிச்சனீ? நீ எடுக்கேல்லைத்தானே?"

"இல்லையப்பா. வரிசையில நிக்கேக்க கை தன்பாட்டில அழிச்சுப்போட்டுது." என் சட்டைப்பையைப் பார்த்து, "திங்கட்கிழமை உங்கட ஃபோனையும் கேப்பினமோ?" என்றாள்.

என் கைபேசியை எடுத்தேன். கிளிநொச்சியிலிருந்து தம்பி அனுப்பிய குரல் செய்திகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் தெரிவுசெய்தேன். 'அழிக்கவா?' என்று கேட்டது. அங்கே இது இருந்தால் குற்றம். இங்கே இல்லாவிட்டால் குற்றம். விரல் அந்தரத்தில் நின்றது. திரை தானாக இருண்டது. தொட்டு வெளிச்சமாக்கினேன், அதே கேள்வி. மறுபடி இருண்டது.