கேட்பதற்கு முன் வாசிக்கவும்

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தயாநிதியைத் தெரிந்தவர்களுக்கு அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் களஞ்சியத்தில் வேலை செய்பவர். கையுறைப் பெட்டிகளும் சேலைன் பைகளும் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவார். டொரொன்டோவிலும் பாரிசிலும் சிங்கப்பூரிலும் கணினியில் தமிழ் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கோ அவர் வெறும் ஒரு மின்னஞ்சல் முகவரி. அதுவும் கொஞ்சம் கடுமையான முகவரி.

அந்த முகவரியிலிருந்து பதில் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது 1997 இலையுதிர் காலத்தில். சூரிச்சில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த இராஜேந்திரன் என்ற பொறியியலாளர், கணினியில் தமிழ் எழுதுவது பற்றி ஒரு மின்னஞ்சல் குழு நடத்தினார். குழுவின் முகவரிக்கு யாராவது எழுதினால் அது எல்லா உறுப்பினருக்கும் போகும்; தெரிந்தவர் பதில் எழுதுவார். அப்போது தமிழ் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றில் எழுதியதை வாசிக்க அதே எழுத்துரு வாசிப்பவரின் கணினியிலும் இருக்க வேண்டும். அதனால் குழு தனக்கென்று ஓர் எழுத்துருவைத் தேர்ந்து, எல்லோரும் அதிலேயே எழுத வேண்டும் என்று வைத்திருந்தது.

இராஜேந்திரன் தொலைபேசியில்தான் கேட்டார்.

"தயா, புதுசா வாற ஆக்களின்ர கேள்வியளை நீர் ஒருக்காப் பார்த்து விட்டீரெண்டால் காணும். நல்லதைக் குழுவுக்கு விடும், மற்றதைத் திருப்பி அனுப்பும். எங்களுக்கு உதுக்கு மினக்கெட நேரமில்லை."

"நான் படிச்சது றேடியோ திருத்திற வேலை, அண்ணை."

"உதுக்குப் படிப்பு வேண்டாம். பொறுமைதான் வேணும்."

பொறுமை இருந்தது, தொடக்கத்தில். வேலை முடிந்து வந்து, தேநீரைக் குடித்துவிட்டு மோடத்தைப் போடுவார். அது கீச்சிட்டு இணைந்ததும் காத்திருக்கும் கேள்விகள் ஒவ்வொன்றாக இறங்கும். எல்லாம் ரோமன் எழுத்தில் எழுதிய தமிழ், அல்லது அரைகுறை ஆங்கிலம். தலைப்பு 'உதவி' என்றிருக்கும். இல்லாவிட்டால் 'அவசரம்' என்று எழுதி ஆச்சரியக்குறிகளை அள்ளிப் போட்டிருப்பார்கள். உள்ளே ஒரே ஒரு வரி: தமிழ் வேலை செய்யவில்லை, என்ன செய்வது? என்ன கணினி, எந்த மின்னஞ்சல் மென்பொருள், எதைச் செய்தபோது வேலை செய்யவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒருவர் தன் மருமகளின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அது இறங்கி முடியும்வரை தொலைபேசி முடங்கிக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, அக்கா எப்ப எடுத்தாலும் எங்கேஜாம். அவவுக்கு நான் என்ன சொல்ல?" என்று மனைவி சிவமலர் கேட்டார்.

"உலகத்துக்கே ஒரே கேள்விதான், சிவமலர். ஒரே கேள்வி. நானும் எத்தினை தரம் பதில் எழுதிறது?"

அதற்காகத்தான் அவர் வழிகாட்டியை எழுதினார். நத்தார், புத்தாண்டு விடுமுறை முழுவதும் அதற்கே போனது. எழுத்துருவை எங்கே எடுப்பது, எப்படிக் கணினியில் போடுவது, மின்னஞ்சல் மென்பொருளுக்கு அதை எப்படித் தெரியப்படுத்துவது, கேள்வியை எப்படிக் கேட்டால் மற்றவர்களுக்கு விளங்கும் என்று ஒவ்வொன்றையும் நல்ல தமிழில், யாருக்கும் மனம் நோகாமல் எழுதினார். 'அன்பான புதியவரே, கேட்பதற்கு முன் இதை வாசிக்கவும்' என்று தொடங்கியது அது. குழுவின் எழுத்துருவில் அழகாக அமைந்திருந்தது. இராஜேந்திரன் பாராட்டினார். குழுவின் மூத்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். இனி தகுதியில்லாத கேள்வி ஒவ்வொன்றுக்கும் இந்த வழிகாட்டியே பதிலாகப் போகும் என்று முடிவாயிற்று.

கேள்விகள் குறையவில்லை. திருப்பி அனுப்பினால், அதே ஆள் அதே கேள்வியை மறுநாளும் அனுப்பினார். சிலர் ஒன்றுமே சொல்லாமல் மறைந்துபோனார்கள். தயாநிதிக்கு முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு எரிச்சல். இவ்வளவு பாடுபட்டு எழுதியதை ஒரு முறை வாசித்துப் பார்க்க இந்தச் சனத்துக்கு ஏலாதா? வழிகாட்டிக்கு மேலே அவர் சேர்த்து எழுதும் குறிப்பும் நாளுக்கு நாள் சுருங்கியது. 'தயவுசெய்து கீழே உள்ளதை வாசியுங்கள்' என்பது 'வாசியுங்கள்' என்றாகி, கடைசியில் குறிப்பே இல்லாமல் போனது.

மாசி மாதத்தில் அஞ்சலா என்றொரு பெண் எழுதத் தொடங்கினார். எல்லாம் பெரிய எழுத்தில், கத்துவது போல: அண்ணைமாரே, எழுத்து எல்லாம் குப்பையாத் தெரியுது, பெரிய வெள்ளிக்கு முன்னம் வேணும், உதவி செய்யுங்கோ. தயாநிதி வழிகாட்டியை அனுப்பினார். அதே வேண்டுகோள் திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் வந்தது. ஒரு கட்டத்தில் அஞ்சலா, 'நீங்கள் மனுசரோ மெஷினோ?' என்று எழுதினார். தயாநிதி அவருடைய முகவரியைத் தடை செய்தார்.

அடுத்த ஞாயிறு காலை, மோடம் நின்றிருந்த சிறிய இடைவெளியில் தொலைபேசி அடித்தது.

"தயாநிதியோ கதைக்கிறது?"

"ஓம், நீங்கள் ஆர்?"

"அஞ்சலா. இன்டர்லாக்கனில இருந்து. நீங்கள் வெளிய தள்ளிவிட்ட அஞ்சலா."

தயாநிதி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நம்பர் எங்கால எடுத்தனீங்கள்?"

"நம்பர் விசாரிக்கிற நூற்றிப் பதினொண்டுக்கு அடிச்சுக் கேட்டன். சுவிஸ் முழுக்க உந்தப் பேரில ஒராள்தானாம். எத்தினை நாளா அடிக்கிறன், எப்பவும் எங்கேஜ். ஏன் அண்ணை என்னைத் தடை செய்தனீங்கள்? நான் என்ன பிழை கேட்டன்?"

"தங்கச்சி, பிழை கேக்கேல்லை. ஆனா பதிலைத் தந்தாப் பிறகும் திரும்பத் திரும்பக் கேட்டால் நாங்கள் என்ன செய்யிறது? நான் அனுப்பின வழிகாட்டியை ஒருக்காவாவது வாசிச்சனீங்களோ?"

"எந்த வழிகாட்டி?"

"ஒவ்வொரு முறையும் உங்களுக்குத் திரும்பி வந்ததே, அது."

"எனக்குத் திரும்பி வந்தது குப்பை அண்ணை. நான் கேட்டதே எழுத்துக் குப்பையாத் தெரியுது எண்டுதான். அதுக்கு நீங்கள் இன்னும் கொஞ்சம் குப்பை அனுப்புறியள். அதை நான் என்னெண்டு வாசிக்கிறது?"

தயாநிதி கணினிப் பக்கம் திரும்பி வழிகாட்டியைத் திறந்தார். பிறகு, "முதல் வரியில என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"ஒரு இங்கிலிஸ் ஏ, அதின்ர தலையில ரெண்டு புள்ளி. பிறகு கணக்கில அரைவாசிக்குப் போடுற மாதிரி ஒண்டு. பிறகு கேள்விக்குறி, அதுவும் தலைகீழா. இன்னும் வாசிக்கவோ?"

"வேண்டாம்."

அன்பான புதியவரே என்று அவர் எழுதியிருந்த இடம் அதுதான். எழுத்துரு இல்லாதவர்களுக்கு எழுத்துருவை எப்படிப் போடுவது என்று அதே எழுத்துருவில் எழுதி அனுப்பியிருக்கிறார். அவருடைய திரையில் அது எப்போதும் தமிழாகவே தெரிந்தது. பாராட்டிய எல்லோருடைய திரையிலும் அப்படித்தான். அப்படித் தெரியாத எவருக்கும் குழுவில் வாயில்லை. வாயைத் திறந்தவர்களை அவரே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இருக்கிறியளோ?"

"இருக்கிறன். கொம்பியூட்டருக்கு முன்னாலயே இருங்கோ. இப்பவே செய்வம்."

அஞ்சலா ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். ஹோட்டல் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. பாரிசிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி சிலுவைப்பாதைச் செபங்களைக் குழுவின் எழுத்துருவிலேயே எழுதி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். பெரிய வெள்ளிக்குள் அதை அச்செடுத்து அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுப்பதாக அஞ்சலா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆனால் செபமும் தலைகீழ்க் கேள்விக்குறியாகவே வந்திருந்தது. தயாநிதி இணைய முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, மோடத்தைப் போட்டு, எழுத்துருக் கோப்பை இறக்கியபின் திரும்ப அழைத்தார். உண்மையான சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. தயாநிதியின் விண்டோஸ் பிரெஞ்சு, அஞ்சலாவுடையது ஜெர்மன்.

"இப்ப பொலிஸ் எண்டு ஒண்டு இருக்கும். அதைத் திறவுங்கோ."

"பொலிஸோ?"

"ஓம், பொலிஸ்."

"என்ர கொம்பியூட்டரில பொலிஸ் ஒண்டும் இல்லை அண்ணை. ஏன் பொலிசைத் திறக்கச் சொல்லுறியள்? உது ஏதும் சட்டவிரோதமான சாமானோ?"

"ஐயோ, அது வேற பொலிஸ். பிரெஞ்சில எழுத்துருவுக்குப் பொலிஸ் எண்டுதான் பேர். உங்கட ஜெர்மனில என்ன பேர் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்? அங்க இருக்கிறதை ஒவ்வொண்டா வாசியுங்கோ."

அஞ்சலா ஒவ்வொன்றாக வாசித்தார். சுட்டெலி, அச்சுப்பொறி, திகதி, ஒலி. பாதியில் கடுப்பாகி, "என்ன கோதாரி இது, நான் கையால எழுதியிருந்தால் முடிஞ்சிருக்கும்" என்றார். 'ஷ்ரிஃப்ற்' என்று தொடங்கும் ஒரு பெயரை அவர் வாசிக்க, தயாநிதி அதைத் திரும்பச் சொன்னபோதுதான், ஜெர்மன் கொஞ்சம் தெரிந்த சிவமலர் அடுக்களையில் இருந்தே, "அதுதான், எழுத்து எண்டு அர்த்தம்" என்று கத்தினார். அதற்குள் மதியச் சோறு ஆறிப்போயிருந்தது. ஒருவழியாகச் செபம் தமிழாக வந்தபோது அஞ்சலா முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். அடுத்த வரியிலேயே நின்று, "ஞானா எண்ட எழுத்துக்குப் பதிலா ஒரு பெட்டி நிக்குது அண்ணை" என்றார்.

"அது எழுத்துருவில உள்ள பிழை. பேனையால திருத்துங்கோ."

"எல்லாப் பிரதியிலயுமோ?"

"எல்லாத்திலயும்தான்."

அன்று பின்னேரம் தயாநிதி, திருப்பி அனுப்பிய கேள்விகளைத் திறந்து பார்த்தார். ஏறக்குறைய எல்லாமே அஞ்சலாவின் கேள்வி. அவருக்குத் தன் மேலும் கோபம், இதைக் கவனிக்காத எல்லார் மேலும் கோபம். வழிகாட்டியை ரோமன் எழுத்தில் முழுதாகத் திருப்பி எழுதினார். ஜெர்மன் பெயர்களை அஞ்சலாவிடம் கேட்டுச் சேர்த்தார். பிறகு இராஜேந்திரனை அழைத்து நடந்ததைச் சொன்னார். இராஜேந்திரன் சிரித்தார், ஆனால் ரோமன் எழுத்து என்றதும் சிரிப்பு நின்றது.

"தமிழை இங்கிலிஸ் எழுத்தில எழுதக்கூடாது எண்டுதானே தயா நாங்கள் இந்தக் குழுவையே துவங்கினம்?"

"வாசிக்க ஏலாத தமிழை அனுப்பி என்ன பிரயோசனம், அண்ணை?"

"விருப்பம் இருக்கிறவன் தேடிக் கண்டுபிடிப்பான். நாங்களெல்லாம் ஆரிட்டையும் கேட்டோ படிச்சனாங்கள்? கதவைத் திறந்துவிட்டால் குழு முழுக்கப் பால்குடியள்தான் நிக்கும்."

"அப்ப என்னை ஏன் கதவடியில நிப்பாட்டினனீங்கள்?"

"தட்டிக் கழிக்கத்தான்" என்றார் இராஜேந்திரன், எந்தத் தயக்கமும் இல்லாமல்.

தயாநிதி ரோமன் வழிகாட்டியை அனுப்பினார். அஞ்சலா உட்பட, தடை செய்திருந்த எல்லோரையும் உள்ளே விட்டார். குழுவில் ஒரு வாரம் பெரும் சண்டை நடந்தது. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் தமிழுக்குத் துரோகம் என்று எழுதினார். பாரிசிலிருந்து ஒருவர், தான் வழிகாட்டியை இப்போதுதான் முதன்முதலாக வாசித்ததாகவும், எழுத்துப்பிழைகள் இருப்பதாகவும் எழுதினார். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் இராஜேந்திரன் ஒரு சிறு அறிவித்தலோடு விலகி, தேர்ச்சி பெற்றவர்களுக்கென்று வேறொரு குழுவைத் தொடங்கினார். மூத்தவர்கள் எல்லோரும் அவர் பின்னால் போனார்கள்.

எழுத்துரு பற்றிய கேள்வி உண்மையில் குறைந்தது. ஆனால் அதைத் தாண்டியவர்கள் அடுத்த கேள்விக்கு வந்தார்கள்: அச்சுப்பொறியில் கொம்பு மட்டும் தனியே விழுகிறது, மக்கின்டோஷில் எழுதியது விண்டோஸில் உடைகிறது. அவற்றுக்குப் பதில் தெரிந்த ஒருவர்கூட மிஞ்சவில்லை. தயாநிதிக்கும் தெரியாது. அஞ்சலாவோ தயங்காமல் எல்லோருக்கும் பதில் எழுதினார், பாதி பிழையாக. ஒருவரை முழு விண்டோஸையும் அழித்துத் திரும்பப் போடச் சொல்லிவிட்டார். தயாநிதி இப்போது கேள்விகளை விட்டுவிட்டுப் பதில்களை மறிக்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் எடுத்துச் சொன்னால், "பிழையெண்டாலும் நான் வாசிக்கிற மாதிரி எழுதிறன் அண்ணை" என்பார்.

1999 தொடக்கத்தில் ஒரு நாள் தயாநிதிக்குப் போதும் என்றாகிவிட்டது. விலகுவதாகச் சொல்லி யாருக்கு எழுதுவது என்று யோசித்தார். இராஜேந்திரன் போய்விட்டார், குழுவுக்குப் பொறுப்பு இனி தயாநிதியேதான். கடைசியில் குழுவுக்கே எழுதினார்: நான் இத்துடன் விலகுகிறேன், விரும்பும் ஒருவர் பொறுப்பை ஏற்கலாம்.

மறுநாள் வேலை முடிந்து வந்து மோடத்தைப் போட்டார். பதில்கள் வரிசையாக இறங்கின. ஒருவரும் பொறுப்பை ஏற்க முன்வரவில்லை. முக்கால்வாசிப் பேர் கேட்டிருந்தது ஒன்றே: நாங்களும் விலக வேண்டும், எப்படி விலகுவது?

சிவமலர் தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தயாநிதி சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, முதலாவது ஆளுக்கு விலகும் முறையை ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினார்.