மூக்கண்ணனும் வெள்ளைப் புகையும்

மூக்கண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருக்கிறது. தெருவுக்கு அவர் மூக்கண்ணன். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. சொல்லப்போனால் அந்த அகன்ற முகத்துக்கு அது கொஞ்சம் சிறியதுதான். பெயர் வந்தது தொழிலால். பழைய டீசல் கார் ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றால் மற்ற மெக்கானிக்குகளைப் போல ஓடிப்போய் போனெட்டைத் திறக்க மாட்டார். "அணைக்காதீங்க, அப்படியே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கம் போவார். சைலன்சர் குழாய்க்கு இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். அவ்வளவுதான், நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

புகையின் நிறத்தைக் கண்ணுள்ள எவரும் சொல்லலாம். கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று போதவில்லை. நீலம் என்றால் இன்ஜின் தன் எண்ணெயைத் தானே குடிக்கிறது. வெள்ளைதான் கள்ளப்பயல். எரியாத டீசலும் வெள்ளையாக வரும். இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் உள்ளே கசிந்து எரிந்தாலும் வெள்ளையாகத்தான் வரும். முதலாவது அரைநாள் வேலை. இரண்டாவது இன்ஜினின் உயிருக்கே உலை வைத்துவிடும். டீசல் கண்ணைக் கரிக்கும், கூலன்ட் இனிப்பாக மணக்கும். இந்த இரண்டையும் பிரிக்க மூக்கு வேண்டும். அது அவரிடம் இருந்தது.

பதினாறு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்து பட்டறைக்குப் போய், ஒரு வேனுக்குப் பின்னால் நின்று மூச்சு இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒரு அடி கிட்டே போனார். இருமல் வந்தது, வாசம் வரவில்லை. டாக்டரிடம் தனியாகப் போனார். "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

யாரிடமும் அவர் சொல்லவில்லை. மூக்குப் போன மூக்கண்ணன் என்று தெரு சிரிக்கும் என்ற பயம் ஒரு பக்கம். மனைவியிடம் சொல்லாததற்குக் காரணம் வேறு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக, வேலை முடிந்து வரும்போது கேட்டில் நின்றபடியே "இன்னைக்கு வெங்காயம் கொஞ்சம் கூடுதலா சிவந்துடுச்சு போல" என்று உள்ளே பார்த்துச் சொல்வது அவர் வழக்கம். அவள் அடுப்படியிலிருந்து "வந்துட்டாரு போலீஸ் நாய்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இழக்க அவருக்கு மனமில்லை. அதனால் தினமும் கேட்டில் நின்று, வாய் கூசாமல், எதையாவது ஊகித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி நாள் சரியாகவும் இருந்தது.

பட்டறைக்கு ஒரு ஸ்கேனர் வாங்கினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் எந்த சென்சார் முறையிடுகிறது என்று திரையில் காட்டும் பெட்டி. ஆனால் சென்சார் சொல்வதைத்தான் அது சொல்லும். சென்சார் உளறினால் அதுவும் கூடவே உளறும்.

நல்ல காலமாக, அதே சமயத்தில் மனைவி காலைத் தேநீரைத் தானே பட்டறைக்குக் கொண்டுவரத் தொடங்கினாள். நடந்தால் முட்டிக்கு நல்லது என்றாள். வண்டிகளைக் குளிர்ந்த இன்ஜினோடு கிளப்பிப் பார்க்கும் நேரம் அது. ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு சரியாக வண்டிக்குப் பின்னால் வந்து நின்று, மூக்கைச் சுளித்துப் புலம்புவாள். "ஐயய்யே, எண்ணெய்ச் சட்டி கருகின மாதிரி இருக்கு." "கண்ணெல்லாம் கரிக்குதுங்க, எப்படித்தான் நிக்கிறீங்களோ." மூக்கண்ணன் காது கேளாதவர் மாதிரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துக்கொள்வார். பெண்டாட்டியின் புலம்பலைத் திருடிப் பிழைப்பு நடத்துகிறோமே என்று உள்ளுக்குள் குத்தியது. குத்தினாலும் பிழைப்பு நடந்தது.

அவளுடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஐந்து நாள் போனாள். அந்த வாரம் பார்த்துத்தானா அந்த வண்டி வர வேண்டும்?

பக்கத்துத் தெருவில் புத்தகங்களுக்கு அட்டை கட்டும் பைண்டருடைய கார் அது. பதினேழு வயது டீசல் கார், செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் கிளம்பும்போது வெள்ளைப் புகை. மீட்டரில் இன்ஜின் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது. பைண்டருக்கு மனைவி இல்லை, ஒரே மகள். அவள் மலைக்கு அந்தப்பக்கம் இருந்தாள், நிறைமாதம். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை.

"சனிக்கிழமை காலைல கிளம்பணும் தம்பி. மேல ஏறி இறங்கணும். நடுவழியில நின்னா போன்கூடக் கிடைக்காத ரோடு. அவ தனியா இருக்கா."

மூக்கண்ணன் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடி நின்றார். பைண்டர் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கண்ணன் ஸ்கேனரைச் செருகினார். கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் கோளாறு என்று அது சொன்னது. இன்ஜின் சூட்டைத் தப்பாகச் சொன்னால் குளிர்ந்த நேரத்தில் டீசல் சரியாக எரியாது, வெள்ளைப் புகை வரும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சென்சாரை மாற்றினார். கூலன்ட் அளவு குறைந்திருந்தது, ஊற்றி நிரப்பினார். விளக்கு அணைந்தது. ஏன் குறைந்தது என்று மட்டும் அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பழைய மூக்கண்ணன் கேட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை இரவு வண்டி பட்டறையிலேயே நின்றது. அன்று சாயங்காலமே மனைவி ஊரிலிருந்து வந்துவிட்டாள். சனிக்கிழமை காலை, பைண்டர் பெட்டியும் பழக்கூடையுமாக வந்துவிட்டார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இரண்டு உதறு உதறிக் கிளம்பியது. பின்னால் வெள்ளைப் புகை பஞ்சு மாதிரி எழுந்தது.

"குளிரு. கொஞ்சம் ஓடினா போயிடும்" என்றார் மூக்கண்ணன்.

ஃபிளாஸ்க்கோடு மனைவி வந்து புகைக்குப் பின்னால் நின்றாள். "யாருங்க காலங்காத்தால சர்க்கரை காய்ச்சுறது?"

மூக்கண்ணனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இனிப்பா வாசம் வருதுங்க" என்றாள் மறுபடியும். இந்த முறை அவரைப் பார்த்தே சொன்னாள்.

அவர் போனெட்டைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை நிரப்பிய கூலன்ட் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. வெளியே போகவில்லை என்றால் உள்ளேதான் போகிறது. கூலன்ட் குறைந்து, சென்சார் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு உளறியிருக்கிறது. அந்த உளறலை நம்பி, நிறைமாதப் பெண்ணின் அப்பாவை மலை ஏறச் சொல்லியிருக்கிறார்.

"அணைங்கண்ணே. இந்த வண்டி போகாது."

"என்ன தம்பி விளையாடுறீங்க? அன்னைக்கு நீங்க மோந்து பார்த்துட்டுத்தானே சென்சார்னு சொன்னீங்க? தங்கச்சி ஏதோ சொல்றாங்கன்னு... நீங்க மோந்து பார்த்துச் சொல்லுங்க. இனிப்பா வருதா?"

கூலன்ட் இறங்கியதைக் காட்டி அத்தோடு முடித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பைண்டரின் கையில் அந்தப் பழக்கூடை இருந்தது. மகளுக்கென்று ஒவ்வொரு பழத்தையும் தாளில் சுற்றி வைத்திருந்தார்.

"எனக்குத் தெரியலண்ணே" என்றார் மூக்கண்ணன். "ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. எனக்கு எந்த வாசமும் தெரியாது. அன்னைக்குச் சும்மாதான் கண்ணை மூடிக்கிட்டு நின்னேன்."

மனைவி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பைண்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இவங்க மட்டும் வரலைன்னா என்னை அனுப்பியிருப்பீங்கல்ல?"

"அனுப்பியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மூக்கண்ணன் தன் சொந்த வேனின் சாவியை நீட்டினார். "டேங்க் ஃபுல்லா இருக்கு. நீங்க வர்றதுக்குள்ள வண்டியைச் சரி பண்ணி வைக்கிறேன். என் தப்பு, என் வேலை." பைண்டர் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிப் போனார்.

மத்தியானத்துக்குள் இன்ஜினின் தலையைக் கழற்றிவிட்டார். இரண்டாவது சிலிண்டருக்கும் கூலன்ட் ஓடும் துளைக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட் தகடு நகக்கண் அளவுக்கு அரித்துப் போயிருந்தது. மனைவி வீட்டுக்குப் போகாமல் கவிழ்த்த டப்பாவில் உட்கார்ந்திருந்தாள். அதை அவளிடம் காட்டினார். ஏதாவது காட்டியாக வேண்டியிருந்தது.

"உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"காய்ச்சல் விட்ட மாசமே தெரியும். இல்லைன்னா புகைக்குப் பின்னால வந்து நிக்க எனக்கென்ன பைத்தியமா? முட்டிக்கு நல்லதுன்னா பூங்காவுல நடக்க மாட்டேனா?"

மூக்கண்ணன் கையிலிருந்த கேஸ்கெட்டைக் கீழே வைத்தார். திருடியதாக நினைத்ததெல்லாம் அவள் அள்ளிக் கொடுத்தது. பதினாறு மாதம். மழையிலும் வந்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"சோப்பு" என்றாள். "நான் எப்பவும் போடுற சோப்பு கடையில இல்ல. வேற வாங்கினேன், ஊரையே தூக்குற வாசம். நாலு நாள் பார்த்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லல. பத்தடி தள்ளி டீசல் சொட்டினா எழுந்திருக்கிற ஆளு. அன்னைக்குக் குளியலறையில உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன். நீங்களா சொல்றவரைக்கும் கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

போன் அடித்தது. பைண்டர். குரலில் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. "வந்து சேர்ந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு இப்பதான் கூட்டிட்டு வந்தேன், வலி வந்துடுச்சு. நேரத்துக்கு வந்தீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க." போனை வைக்கப் போனவர் சேர்த்துச் சொன்னார். "உங்க வேன் மேட்டுல நல்லா இழுக்குது தம்பி."

மூக்கண்ணன் போனை வைத்துவிட்டுக் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. மனைவி முந்தானையால் அதைத் துடைக்க எழுந்து வந்தாள்.

"அப்போ இப்ப போடுறது அந்தப் புது சோப்புதானா?" என்று கேட்டார்.

"இல்ல. பழையதையே தேடிப் பிடிச்சு வாங்கிட்டேன். ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன்."

"எனக்குத்தான் தெரியாதே. எதுக்கு?"

"உங்க ஞாபகத்துல என் வாசம்னு ஒண்ணு இருக்குமில்ல? நான் அதோடயே இருக்கணும்னுதான்."

மூக்கண்ணன் அவள் தோளில் முகத்தை வைத்து, கண்ணை மூடி, மெதுவாக ஒரு மூச்சு இழுத்தார். ஒன்றும் வரவில்லை. ஆனால் அங்கே என்ன வாசம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.