கைப்பிடி எந்தப் பக்கம்

"லெஃப்டாண்ணா, ரைட்டாண்ணா?"

தூண்டில் சாமான் கடைக்காரர் கேட்டது அவ்வளவுதான். எனக்கு முதுகில் வியர்வை இறங்கியது. மனிதர் என் சொத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. நூல் சுற்றுகிற ரீலின் கைப்பிடி இடது பக்கம் வேண்டுமா, வலது பக்கம் வேண்டுமா என்றுதான் கேட்டார்.

சாதாரண ஸ்பின்னிங் ரீல் வாங்குகிறவனுக்கு இந்த வம்பு இல்லை. கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். நான் கேட்டது பெய்ட்காஸ்டிங் ரீல். அது தூண்டில் கம்பான ராடின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். எந்தக் கையால் வீசுகிறோமோ அந்தக் கையின் கட்டைவிரல், நூல் சுற்றிய ஸ்பூல்மேல் இருக்க வேண்டும். தூண்டிலில் கோத்த ரப்பர் புழு பறக்கும்போது விரல் பட்டும் படாமலும் இருக்கணும். அது தண்ணீரைத் தொடுகிற நொடியில் அழுத்தி நிறுத்தணும். தவறினால் ஸ்பூல் தன்பாட்டுக்குச் சுழன்று, நூல் தேங்காய் நார் மாதிரி கொத்தாகக் கிளம்பிவிடும். வலக்கையால் வீசுகிறவனுக்கு இடப்பக்கக் கைப்பிடி. இடக்கையால் வீசுகிறவனுக்கு வலப்பக்கம். வாங்கிய பிறகு மாற்ற முடியாது.

பிறந்ததிலிருந்து நான் வலக்கைக்காரன். ஆனால் அன்றைக்கு என் வலக்கை, பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளி மாதிரி இருந்தது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், கூப்பிட்டால் வராது.

அது போனது பஸ்ஸில். வில்லியனூரிலிருந்து திருபுவனை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கையிலிருந்த போன் கீழே விழுந்தது. எடுத்தேன், விழுந்தது. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. பக்கத்து சீட்டுக்காரர், "இன்னாபா, காலையிலயேவா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் ஒரு பக்கமாகப் போனது. மூளையில் சின்ன அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சின்ன அடைப்பு, சின்ன அடைப்பு என்று எல்லோரும் ஆறுதலாகச் சொன்னார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் சின்ன அடைப்புதான் என்றார்கள். விடிந்தபோது அந்தக் கட்டிலில் புது பெட்ஷீட் விரித்திருந்தது.

வாய் திரும்பி வந்துவிட்டது. அது எப்போதுமே அடங்காத வாய். கால் வந்தது. கை மட்டும் அரைகுறையாக வந்தது. விரல் மடங்கும், நீளும். ஆனால் எதைத் தொட்டாலும் கம்பளிக்குள் கையை விட்டுத் தொட்ட மாதிரி இருக்கும். வருவதெல்லாம் முதல் சில மாதங்களில் வந்தால்தான் உண்டு என்றார் டாக்டர். அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த பயத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தெருவில் நிற்கும் பைக் கண்ணாடி ஒன்றையும் விடமாட்டேன். குனிந்து ஈயென்று பல்லைக் காட்டி, வாய் கோணுகிறதா என்று பார்ப்பேன். டீக்கடை வாசலில் ஒரு நாள் அப்படிச் சிரித்தபோது அந்த பைக்குக்காரி கடைக்குள்ளிருந்து வந்து நின்றாள். நான் கும்பிட்டுவிட்டு நடந்தேன். இடக்கையால்.

என் மனைவி பயப்படுகிற ஜாதி இல்லை. பயத்தைக் கொண்டுபோய் மாதா கோயிலில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். "உங்க கை வர்ற வரைக்கும் நம்ம வூட்ல மீன் வேகாதுன்னு மாதாகிட்ட வேண்டிகினேன்" என்றாள்.

"மீன் திங்கறவன் நானு. நேர்த்திக்கடன் உனக்கா எனக்கா?"

"எனக்குந்தான் மீன்னா உசுரு. ஒங்களுக்கு மட்டும்னு நெனச்சிகினீங்களா?"

அது உண்மை. வஞ்சிரத் தலைக்காக என்னிடம் சண்டை போட்டவள் அவள்.

ஃபேக்டரியில் நான் ஓட்டியது பிரஸ் மெஷின். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருப்பதற்காக வைத்த ஏற்பாடு. தன் கை எங்கே இருக்கிறது என்று தெரியாதவனை அதன் முன்னால் நிறுத்த மாட்டார்கள். "கை சரியானதும் வா, மெஷினை உனக்குத்தான் வெச்சிருக்கேன்" என்றார் சூப்பர்வைசர். வீட்டில் உட்கார்ந்தேன். கையைப் பழக்க ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதை அமுக்கி அமுக்கி எனக்கு அந்தப் பந்தின்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. ஒரு கையால் பந்து, மறு கையால் போன். போனில்தான் அந்த வெள்ளைக்காரன் வந்தான்.

செடி மண்டிய குட்டையின் கரையில் நின்று பாஸ் என்ற மீனைப் பிடித்துக்கொண்டிருந்தான். சின்ன ராடு, சின்ன ரீல், விரல் நீளப் புழு. இந்த நுணுக்க வீச்சுக்குப் பேர் ஃபினெஸ் என்றான். பாசிக்கு நடுவில் தட்டு அகலத்துக்குத் தெரிந்த தண்ணீரில் புழுவைச் சத்தமில்லாமல் இறக்கினான். எல்லாம் கட்டைவிரல் வேலை. எனக்குப் பளிச்சென்று பட்டது. ரப்பர் பந்து எதற்கு? இதுதான் வைத்தியம். எங்கள் பக்கம் பாஸ் கிடையாது. ஆனால் பாகூர் பக்கக் குட்டைகளில் விரால் இருக்கிறது. அதுவும் செடிக்குள் ஒளிந்துகொண்டு வாய்க்கு எதிரே வந்ததைக் கவ்வுகிற ரவுடிதான்.

என்னோடு அதே ஃபேக்டரியில் வேலை செய்கிறவன் ஒருவன், மணப்பட்டுக்காரன், கடலுக்குப் போகிற குடும்பம். அவனிடம் சொன்னேன்.

"விராலுக்கு எவன்டா இவ்ளோ மெல்லிசு நூல் போடுவான்? செடிக்குள்ள பூந்துச்சின்னா அறுத்துகினு பூடும். பெரிய ராடு, தடி நூலு, தவளை பொம்மை. அதான் கணக்கு."

"பெரிய ராடை இந்தக் கை தூக்காதுடா."

"செரி, புடிச்சி இன்னா பண்ணுவ? ஒங்க வூட்லதான் மீனே வேகாதே."

"திரும்பத் தண்ணியில வுட்ருவேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில், அடைப்பு இன்னொன்று வந்துவிட்டதா என்ற சந்தேகம் தெரிந்தது. "எங்க அப்பா காதுல இது வுழுந்தா உன்ன வலையில சுத்தி வெச்சிடுவாரு" என்றான். ஆனாலும் கடைக்குக் கூட வந்தான்.

கடைக்காரர் பொறுமைசாலி. புதிதாகப் பழகுகிறவனுக்கு விலை ஏறிய ரீல் வேண்டாம், பக்கவாட்டில் திருகுகிற காந்த பிரேக் இருந்தால் போதும் என்றார். முதலில் பிரேக்கை முழுசாக வைத்துப் பழகி, விரல் பழகப் பழகக் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். எடை குறைந்த புழுவை வீச, லேசாகச் சுழலும் ஸ்பூல். ராடு நுனியில் வளையட்டும், அடியில் விறைப்பாக இருக்கட்டும். செடிக்குள்ளிருந்து இழுக்க அது வேண்டும். நூல் மெல்லிசாக இருந்தாலும் பின்னல் நூலாகப் பார்த்துக் கொடுத்தார். முள் நுனியைப் புழுவின் உடம்புக்குள் புதைத்துக் கோத்தால் பாசியில் சிக்காது என்று செய்து காட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"லெஃப்டாண்ணா, ரைட்டாண்ணா?"

இடப்பக்கம் என்றால் கை வரும் என்று நம்புகிறேன். வலப்பக்கம் என்றால் வராது என்று நானே ஒத்துக்கொண்டுவிட்டேன். டாக்டரே சொல்லாத தீர்ப்பை ஒரு தூண்டில் கடையில் நான் சொல்ல வேண்டும். கடைக்காரர் காத்திருந்தார். நண்பன் மேலே மாட்டியிருந்த வலைகளைப் பார்க்கிற மாதிரி நின்றான்.

"லெஃப்ட்" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "இருக்குதுண்ணா, இருக்குது" என்றார் அவர் பதறி.

வீட்டு வாசலில் பக்கெட்டை வைத்து, முள்ளில்லாமல் ஒரு ஈயக்குண்டைக் கட்டி வீசிப் பழகினேன். பக்கெட்டைத் தவிர எல்லாவற்றிலும் விழுந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கொத்து. அந்தச் சிக்கலை எடுக்க நுனி விரல் வேண்டும். அது என்னிடம் இல்லை. மனைவி வந்து உட்காருவாள். தலையிலிருந்து ஹேர்ப்பின்னை எடுத்து ஒவ்வொரு சுருக்காகத் தூக்குவாள்.

"நல்ல வைத்தியம்" என்பாள். "கை ஒங்களுது, எக்சர்சைஸ் எனக்கு."

எந்த நாள் எத்தனை கொத்து என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. மழை முடிந்து, பனி முடிந்து, வெயில் ஏற ஆரம்பித்தபோது கொத்து குறைந்தது. கை வருகிறது என்று ஊரெல்லாம் சொன்னேன். ஃபேக்டரிக்குப் போன் போட்டும் சொன்னேன். உண்மை என்னவென்றால், நான் கண்ணால் பார்த்துப் பார்த்து விரலை அழுத்தப் பழகிக்கொண்டிருந்தேன்.

பாகூர் பக்கம் வயல்களுக்கு நடுவில் ஒரு குட்டை. பாதியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. மீதியில் வேலம்பாசி. நண்பன் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். முதல் வீச்சு நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. பாசியின் ஓரத்தில் ஒரு பிளவில் புழு பூ மாதிரி இறங்கியது. கொத்து இல்லை.

"பார்த்தியாடா!" என்றேன்.

"பார்த்தேன் பார்த்தேன். மெடல் குத்தச் சொல்லவா?"

அப்போதுதான் விரால் கவ்வியது. தண்ணீர் ஒரு தரம் குழிந்தது. நூல் பாசிக்குள் ஓடியது. வலக்கையில் ராடு, இடக்கையில் கைப்பிடி, சுற்றுகிறேன். சத்தம் போடுகிறேன். கண் முழுக்க நூல் போன இடத்தில். நான் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். இடக்கை வெறுங்காற்றைச் சுற்றியபோதுதான் கீழே பார்த்தேன். வலக்கை மூடியபடியே இருந்தது. உள்ளே ராடு இல்லை. அது ஆகாயத்தாமரைக்கு நடுவில் வாலாட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது.

நண்பன் சட்டையோடு இறங்கினான். இடுப்பளவு, அப்புறம் மார்பளவு. செடி அவனைச் சுற்றி மூடிக்கொண்டது. "வேணாம்டா, வந்துடு, வந்துடு" என்று கத்தினேன். கடலில் நீந்துகிறவன்தான், ஆனால் கடலில் காலைப் பிடிக்கிற வேர் கிடையாது. கரையில் இப்படியும் அப்படியும் ஓடினேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு கட்டத்தில் உதவிக்கு ஆள் கூப்பிடுவதாக நினைத்து, வரப்பில் மேய்ந்த ஒரு மாட்டைப் பார்த்துக் கத்தினேன். மாடு தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேய்ந்தது.

அவன் ராடோடு வந்தான். மீன் போய்விட்டிருந்தது. உடம்பெல்லாம் பாசி. ரீலைத் துடைக்க எடுத்தவன் அப்படியே நின்றான். ஸ்பூல் ஓரத்தில் தண்ணீரிலும் போகாமல் சிவப்பாக இருந்தது. என் வலக் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பினான். நூல் அறுத்து, சதை பிளந்து, ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

"வலிக்கலையாடா?" என்றான்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

கைக்குட்டையால் கட்டிவிட்டான். பேசவில்லை. வாய் ஓயாத பயல், பைக்கில் பாகூர் தாண்டியும் பேசவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

"எதுனா திட்டுடா" என்றேன்.

"ஒழுங்கா புடிச்சிகினு ஒக்காரு" என்றான். அப்புறம் பின்னால் கையை நீட்டி, நான் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறேனா என்று தடவிப் பார்த்தான்.

வீட்டில் கதவு இடுக்கில் நசுங்கியதாகச் சொன்னேன். மனைவி மருந்து போட்டாள். மறுநாள் ரீலை எடுத்து வைத்துக்கொண்டு, ஹேர்ப்பின்னோடு உட்கார்ந்தாள். குட்டைக்குள் போனதில் நூல் சிக்கிக் கிடந்தது. உள் சுற்றில் நூல்மேல் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்ததை அவள் விரலால் சுரண்டியதைப் பார்த்தேன். சிக்கலை முழுசாக எடுத்து, சுற்றி, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் முன்னாலேயே வந்துவிட்டாள். நான் பின்னால் வந்தேன். வாசலிலேயே வாசனை. புளியும் பூண்டும் மீனும். நான் பக்கத்து வீடு என்று நினைத்தேன். இல்லை, எங்கள் அடுப்புதான்.

"இன்னாடி இது? வேண்டுதலு?"

"மாதாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

"இன்னான்னு?"

"எவ்ளோ வந்துச்சோ அவ்ளோ போதும்னு." முதுகைத் திருப்பிக்கொண்டு குழம்பைக் கிண்டினாள். அதற்கு மேல் கிண்ட அதில் ஒன்றும் இல்லை. "விராலுதான். முள்ளு கம்மி. ஸ்பூன்லயே எடுக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது. ஜோக்கடிக்கத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. தட்டை இழுத்து இடக்கையால் சாப்பிட்டேன். சின்ன வயதில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். எதிரே அவளும் சாப்பிட்டாள். பல மாதப் பசி. தலையை எனக்கு வைக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

கை இனி இவ்வளவுதான் என்று ஃபேக்டரிக்குப் போய் நானே சொல்லிவிட்டேன். என் மெஷினை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். என்னை பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை, பார்த்துக்கொண்டே செய்யலாம். அங்கிருந்து கண்ணாடித் தடுப்பு வழியாக என் பழைய பிரஸ் இறங்குவது தெரியும். ஒவ்வொரு தடவையும் என் இரண்டு தோளும் தானாக முன்னால் போகும்.

தூண்டில் கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"அதே ரீல்தான். கைப்பிடி ரைட்ல குடுங்க."

"நீங்க லெஃப்ட் ஹேண்டராண்ணா?"

"ஆயிட்டேன்" என்றேன்.

வாசலில் அதே பக்கெட். வலக்கை கைப்பிடியை மெதுவாகச் சுற்றுகிறது. நான் அதைக் கண்ணால் மேய்க்கிறேன். இடக்கை எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்கிறது, மகா முட்டாள் கை. முதல் வீச்சு கோழி மேல் விழுந்தது. ஸ்பூல் சுழன்று கொத்து கிளம்பியது. பதறிப்போய் இடக் கட்டைவிரலை அழுத்தினேன். நூல் தோலைத் தேய்த்துக்கொண்டு ஓடியது.

"ஆ!" என்று அலறினேன்.

மனைவி ஹேர்ப்பின்னோடு ஓடி வந்தாள். "இன்னாங்க, இன்னா ஆச்சு?"

"எரியுதுடி" என்றேன்.