ln(x − 2) இற்கு நான் எழுதிய நேர்மாறு

பொறியியல் முடித்து வேலை தேடிய நாட்களில், கொடிகாமத்து ரியூசன் நிலையம் ஒன்றில் உயர்தர மாணவருக்குக் கணிதம் படிப்பித்தேன்.

ஒருநாள் ln(x − 2) என்ற மடக்கைச் சார்பின் நேர்மாறைக் கேட்டேன். சுபா eˣ + 2 என்று எழுதியிருந்தாள்.

"உமக்குக் கணிதம் சரிவராது பிள்ளை, கலைப்பிரிவுக்கு மாறும்" என்றேன். வகுப்பே சிரித்தது. பலகையில் eˣ − 2 என்று எழுதினேன்.

சுபா எழுந்தாள். "விளங்கேல்லை ரீச்சர். x-க்குப் பூச்சியம் போட்டுக் காட்டுறீங்களோ?"

போட்டேன். −1 வந்தது. நேர்மாறு சரியென்றால், அதை முதற்சார்பில் இடும்போது பூச்சியமே திரும்ப வரவேண்டும். இட்டால் ln(−3). மறை எண்ணுக்கு ஏது மடக்கை? பிழை என்னுடையது. என்னை வெட்கப்படுத்தாமல், நானே அதைக் காணும்படி அவள் கேட்டிருக்கிறாள்.

"முழிப்பாய் இருக்கிறீங்களோ எண்டு பாக்கத்தான் பிழையா எழுதினனான்" என்று சொல்லிப் பலகையை அழித்தேன். மறுபடியும் சிரித்தார்கள்.

எல்லோரும் சைக்கிள் எடுக்கப் போன பிறகு சுபா மேசையருகே வந்தாள். "அப்ப என்ரை விடை சரிதானே, ரீச்சர்?"

"ஓம்" என்றேன்.

கணக்குப் பிழை யாருக்கும் வரும். ஆனால் அவளை நான் மட்டம்தட்டியதை வகுப்பு முழுவதும் கேட்டது. அந்த 'ஓம்' அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அதை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது.