உணவு இலாகா

டெல்லியில் பல கட்சிகள் கூடி மந்திரி பதவிகளைப் பங்கு போட்டுக்கொண்ட வருடம், நான் அரியலூரில் ஆசிரியர் பயிற்சி விடுதியில் இருந்தேன். விடுதிக்கும் ஒரு மந்திரிசபை உண்டு. ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண்கள் நாங்கள் ஒரு கட்சி. குன்னம் பக்கத்தார் ஒரு கட்சி. தேர்தலில் இரண்டும் சரிசமமாக நின்றன. "டெல்லியில செஞ்ச மாதிரி பிரிச்சுக்கிட்டு ஒழுங்கா இருங்க" என்றார் வார்டன்.

பேரம் பேசியவள் நான். பிரதமர் பதவியை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, உணவு இலாகாவை எங்களுக்கு வாங்கினேன். உணவு மந்திரிதான் சமையல்கார அம்மாவோடு வாரச் சந்தைக்குப் போகலாம். அந்தச் சந்தையில் என் அம்மா புளி விற்றாள். மற்றபடி மாதத்துக்கு ஒருமுறைதான் அவளைப் பார்க்க விடுவார்கள்.

குன்னத்துக்காரிகள் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். "இலாகா உங்களுக்குத்தான். ஆனா இந்த வாயாடி வேணாம்." என் பக்கத்துப் பாயில் படுப்பவளுக்கு, என் சொந்தக் கட்சிக்காரிக்கு, உணவு இலாகா போனது. எனக்குக் கல்வி. அதாவது, படிப்பு நேரத்துக்கு மணி அடிக்கும் வேலை.

"உங்கம்மாவப் பாத்தேன்டி" என்று வாராவாரம் வந்து நிற்பாள். அம்மா கொடுத்தனுப்பிய கடலை உருண்டையை நீட்டுவாள். அவள் உதட்டோரத்திலும் வெல்லம் ஒட்டியிருக்கும். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் தலையில் கனகாம்பரத்தோடு வந்தாள். "அம்மாதான் வச்சு விட்டாங்க" என்றாள். 'உங்கம்மா' போய் வெறும் 'அம்மா' ஆகிவிட்டாள்!

அதோடு என் பொறுமை போயிற்று. அவள் உணவு மந்திரியாக வந்த பிறகுதான் ரசம் தண்ணீராகிவிட்டது என்று எங்கள் கட்சிக்காரிகளின் காதில் ஓதினேன். எங்கள் விடுதி ரசம் எப்போதுமே தண்ணீர்தான். எல்லோரும் என் பக்கம் சேர்ந்ததும், இலாகாவை மாற்றாவிட்டால் ஆதரவு வாபஸ் என்று பிரதமரிடம் சொன்னேன். பதவி போய்விடுமே என்று பயந்து உடனே மாற்றிவிட்டாள். மணி பக்கத்துப் பாய்க்காரிக்கு, சந்தை எனக்கு.

அந்த வாரம் சந்தைக்குள் ஏறக்குறைய ஓடினேன். என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்து வந்து கன்னத்தைத் தடவினாள். பிறகு என்னைத் தாண்டிக் கூட்டத்துக்குள் பார்த்தாள்.

"அந்தப் புள்ள எங்கடி?"

"வரல."

"ஏன்டி, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

சமையல்கார அம்மா போகலாம் என்று கூப்பிடும்வரை அம்மா அவளைப் பற்றியேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.