பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

சென்ற மார்ச்சில் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. கீழ்த்தளத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்னே என்பவர், அதை மூடிவிட்டு வீடியோ கேம் கூடம் திறக்கப் போகிறாராம். மேலே குடியிருக்கும் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா, இருந்தால் இரண்டு வாரத்துக்குள் பெயர், வீட்டு எண், கையெழுத்தோடு எழுதித் தரவும் என்றிருந்தது. இதற்கு நார்வேயில் ‘நாபோவார்சல்’ என்று பெயர். அண்டை வீட்டாருக்கான அறிவிப்பு. இது நகராட்சியின் அனுமதிக்காகத்தான், ஆனால் பதிலை நகராட்சிக்கு அனுப்ப வேண்டாமாம், ஆர்னேயிடமே கொடுக்க வேண்டுமாம். அவர் எல்லோருடைய ஆட்சேபங்களையும் படித்து, தன் விளக்கத்தையும் சேர்த்து, அவரே கொண்டுபோய்க் கொடுப்பாராம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். யார்மேல் புகாரோ அவர் கையிலேயே புகாரைக் கொடுப்பதா? இங்கே வந்து மூன்று வருடத்தில் பனி பழகிவிட்டது, ரொட்டியின்மேல் மீனை வைத்துத் தின்பதும் பழகிவிட்டது. இந்தக் கடிதத்தை மட்டும் மடித்து இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன்.

ஏனென்றால் நான் கருத்துச் சொல்லியே வளர்ந்தவன். ஆவடி சேக்காட்டில் குடியிருந்துகொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் வரைபவனாக வேலை பார்த்த நாட்களில், நாளிதழ்களுக்கு வாசகர் கடிதம் எழுதுவதுதான் என் பொழுதுபோக்கு. காலை ரயிலில் யோசிப்பேன், மதிய இடைவேளையில் எழுதுவேன், மாலை ரயிலுக்கு முன் பெட்டியில் போட்டுவிடுவேன். கலர் டிவிக்குத் தனி வரி போட வேண்டும், கம்ப்யூட்டர் வந்தால் எங்களைப் போன்றவர்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான், ரயில்வே கேட்டில் மேம்பாலம் எங்கே என்று நான் கருத்துச் சொல்லாத விஷயமே கிடையாது. கம்ப்யூட்டரை அப்படித் திட்டியவன் பிறகு அதிலேயே படம் வரையக் கற்றுக்கொண்டு, அந்தத் தொழிலை வைத்தே இங்கே கப்பல் வரையும் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன் என்பது வேறு கதை. அச்சில் என் பெயரும் அதன்கீழ் ‘சேக்காடு’ என்ற இரண்டாம் வரியும் வந்த நாளில் ரயிலில் எனக்கு உட்கார இடம் கூடக் கிடைக்கும். எழுதுகிற ஆள் என்று ஒரு மரியாதை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஸ்டெல்லா வீடியோ கேம் கடை திறந்தார். கணவர் இறந்த பிறகு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தார், அது போதவில்லை. டிவிகளை வாங்கி வைத்து, மணிக் கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஆட விட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கார் மோதும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் என் தூக்கத்தைக் கெடுத்தன. நான் போய், “ஸ்டெல்லா, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க” என்று சொல்லியிருக்கலாம். அண்ணா அண்ணா என்று மூச்சுக்கு மூச்சுக் கூப்பிடுகிறவர், உடனே குறைத்திருப்பார். ஆனால் அதை ஒரு சமூகப் பிரச்சினையாக்கிப் பேனாவை எடுத்தால்தானே எனக்கு மதிப்பு.

அப்போது என் கடிதங்கள் வரிசையாக ஆறோ ஏழோ பிரசுரமாகாமல் போயிருந்தன. காரம் போதவில்லை என்று நினைத்தேன். ‘ஆவடி சேக்காடு பகுதியில் வீடியோ கேம் என்ற பெயரில் சூதாட்டம் நடக்கிறது, பள்ளிச் சிறுவர்கள் வீட்டில் திருடிப் பணம் கட்டி ஆடுகிறார்கள், அதிகாரிகள் கண்டுகொள்வார்களா?’ என்று எழுதினேன். சூதாட்டத்தை நான் பார்க்கவில்லை. திருட்டையும் பார்க்கவில்லை. அந்தக் கடைக்குள் ஒருநாளும் காலடி வைத்ததுகூட இல்லை. அச்சில் பெயரைப் பார்க்க அப்படி அலைந்தவன், அந்த ஒரு கடிதத்தின்கீழ் மட்டும் ‘பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆவடி’ என்று போட்டேன். தினமும் ஸ்டெல்லா முகத்தில் விழிக்க வேண்டுமே! செய்வது ஈனத்தனம் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது, புத்திக்குத்தான் எட்டவில்லை. கடிதம் கட்டம் கட்டி வந்தது. ரயிலில் அதை யாரோ சத்தமாகப் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பூரித்துப்போனேன். இதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. டிவிகளையும் கேம் பெட்டிகளையும் வாரிப் போட்டுக்கொண்டு போனார்கள். மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லா என் வீட்டு வாசலில் நின்றார். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“அண்ணா, எந்தக் கய்தேயோ பேப்பர்ல எய்திட்டான்ணா. சூது ஆட்றாங்களாம், சூது! எங்கூட்ல! நீங்க நல்லா எய்துவீங்க. ஒரு மனு எய்திக் குடுங்கண்ணா, டிவிய திருப்பிக் குடுக்கச் சொல்லி.”

“நீங்க போங்க ஸ்டெல்லா, நான் எழுதி எடுத்துகினு வரேன்” என்றேன்.

“இல்லண்ணா, கடைய வந்து ஒருவாட்டி பாருங்க. பாத்துட்டு எய்துங்க.”

போனேன். அன்றுதான் முதல்முறை உள்ளே நுழைந்தேன். ஸ்டூல்கள் மட்டும் வரிசையாக இருந்தன. சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: ‘யூனிஃபாரத்தோடு வரக் கூடாது. பரீட்சை நேரத்தில் கடை லீவு. காசு வைத்து ஆடினால் வெளியே அனுப்பப்படுவீர்கள்.’ என் கடிதத்தின் கடைசிப் பத்தியில் அரசு விதிக்க வேண்டிய கட்டுப்பாடுகள் என்று நான் பட்டியல் போட்டிருந்தேன். ஏறக்குறைய அதுவேதான் அங்கே சுவரில் இருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். விழுங்கவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து மனு எழுதினேன். ‘பொறாமை கொண்ட எவரோ பெயரின்றி எழுதிய பொய்க் கடிதம்’ என்று என்னை நானே திட்டி எழுதினேன். நல்ல நடை. ஸ்டெல்லா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. சொல்லவில்லை.

மனுவுக்குப் பலன் இல்லாமல் இல்லை. பல மாதம் கழித்து டிவிகள் திரும்பி வந்தன, மழையில் நனைந்து, எதுவும் ஓடாமல். ஸ்டெல்லா எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனார். காலையில் ஒரே ரயில். “மனு எய்திக் குடுத்த அண்ணா” என்று கூட வரும் பெண்களிடம் என்னைக் காட்டுவார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மகள் ஜெனிஃபரிடம் கேக் கொடுத்தனுப்புவார். நான் நார்வேக்குக் கிளம்பும்வரை அந்தக் கேக்கைத் தின்றேன்.

ஆர்னேயின் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. கெடு முடியும் முன் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

“எல்லோரும் கொடுத்துவிட்டார்கள், உங்களுடையது மட்டும் வரவில்லை. மூன்றாம் மாடி அம்மா இரண்டு பக்கம் திட்டி எழுதியிருக்கிறார், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன்” என்று சிரித்தார்.

“எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை” என்றேன்.

அவர் முகம் மாறியது. பாஷை தெரியாமல் தயங்குகிறேன் என்று நினைத்துவிட்டார். “மொழிதான் பிரச்சினையா? நீங்கள் சொல்லுங்கள், உங்கள் ஆட்சேபத்தை நானே எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும்” என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

தன்மேல் புகார் எழுதத் தானே பேனாவோடு நிற்கிற மனிதரைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுகிறேன் என்று தெரிந்ததும் அவர் பயந்துபோய், “கூடம் திறக்க வேண்டாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னவென்று விளக்குவது! பேனாவை வாங்கி, ‘ஞாயிறு மதியம் சத்தம் குறைவாக இருந்தால் நல்லது’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவேதான். சேக்காட்டிலும் அவ்வளவேதான் இருந்தது.

அன்றைக்கே மேலே நீங்கள் படித்த சேக்காட்டுக் கதையை எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். ‘படித்துவிட்டு, வேண்டாம் என்றால் கிழித்துப் போடுங்கள், பத்திரிகைக்கு அனுப்பமாட்டேன்’ என்று ஒரு சீட்டும் வைத்தேன். நான்கு மாதம் பதில் இல்லை. தினமும் தபால் பெட்டியைத் திறக்கும்போது, வரக் கூடாது என்றும் வர வேண்டும் என்றும் சேர்த்தே வேண்டிக்கொள்வேன்.

போன வாரம் வந்தது. எழுத்து ஜெனிஃபருடையது. ‘அம்மா சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்’ என்று தொடங்கியிருந்தாள். கீழே ஸ்டெல்லாவின் பேச்சு:

“சார், படிக்கச் சொல்லிக் கேட்டேன். பத்திரிகைல போடுங்க. உங்க பேரப் போட்டுப் போடுங்க. எம்பேரையும் போடுங்க, நான் இன்னா தப்பு பண்ணேன் ஒளியறதுக்கு. ஊருக்கு வந்தா ஊட்டுக்கு வராதீங்க. தெருவுல பாத்தா பேசறேன்.”

அண்ணா என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. டிசம்பரில் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இங்கே ஆர்னே எந்த நேரமும் தன் கதவைத் தட்டலாம் என்கிறார், அவரோடு பேச எனக்கு எதுவும் இல்லை. அங்கே பேச எனக்கு இருக்கிறது. ஸ்டெல்லா மளிகைக் கடைக்குப் போகும் நேரம் பார்த்து நான் தெருவில் நிற்க வேண்டும்.