வரப்பில்லாத பங்கும் ஒரு கட்டம்போட்ட லுங்கியும்

தஞ்சாவூரில் நாங்கள் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்த அந்த அடுக்குமாடிக்கு என்னைச் செயலாளராக்கியதற்கு ஒரே காரணம், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதுதான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். ஆனால் எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் அடிவரைக்கும் படித்துவிடும் வியாதி எனக்குண்டு. கிரயப் பத்திரத்தை அப்படிப் படித்தபோதுதான் ‘பிரிபடாத பங்கு’ என்ற சொல்லில் கண் நின்றது.

அடி மனை பன்னிரண்டு பேருக்கும் சொந்தம். ஆனால் யார் பங்கு எங்கே என்று யாராலும் காட்ட முடியாது. ஒரு சாண் வரப்புக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு அலைகிற ஊரில் இப்படி ஒரு நிலம். என் அப்பா குத்தகைக்கு உழுதவர். அவருக்கு இதை எப்படி விளங்க வைத்திருப்பேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

எங்களில் பாதிப்பேருக்கு ஊரில் வயல் இருந்தது. புரட்டாசியில் குறுவை அறுப்பு முடியும். கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரமாக இருக்கிறது என்று திருப்பிவிட்டால் எல்லோரும் ரோட்டில்தான் கொட்டிக் காயவைப்பார்கள். எங்களுக்கு ரோடு எதற்கு, மொட்டை மாடி இருக்கிறதே. கயிறு கட்டி மூட்டைகளை மேலே இழுத்து, தட்டை ஓடு பதித்த தளத்தில் பரப்பி, காலால் துழாவிவிட்டால் இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். கட்டடம் கட்டியவர் அதைக் களம் என்று நினைத்துக் கட்டவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு வருஷம் ஆவணியில், மேல் மாடியில் இருந்த நர்சம்மா வீட்டில் கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டிலின் மேலேயே விழுந்தது. அவர் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அன்றைக்கு பஸ் தாமதமானதால் தப்பித்தார். போய்ப் பார்த்தேன். தலையணை மேல் என் உள்ளங்கை தடிமனுக்கு ஒரு பாளம் கிடந்தது. மேலே கம்பி துருவேறித் தெரிந்தது.

“அண்ணே, ஐப்பசி மழைக்குள்ள இத சரி பண்ணிக் குடுத்துடுங்க. மழையில ஊறிச்சுன்னா மிச்சமும் வந்துரும். நான் எங்க படுக்கறது?” என்றார்.

கோர்ட்டுக்கு எதிரே இருந்த கடையில் அடுக்குமாடிச் சட்டத்தைப் புத்தகமாக வாங்கிவந்து படித்தேன். மாடி, படிக்கட்டு, அஸ்திவாரம் எல்லாம் பொது. பராமரிப்பு அவரவர் பங்கின்படி என்று தெளிவாக இருந்தது. சங்கம் வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் வருஷா வருஷம் யார் வந்து கூரையைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது நான் தேடிய வரைக்கும் அகப்படவில்லை. லாரிக்குக்கூட எஃப்.சி. சோதனை உண்டு, மனுஷன் தூங்குகிற கூரைக்கு இல்லையா என்று கடைக்கு வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படிக் கேட்டதில்தான் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் அகப்பட்டார். கையில் சின்னச் சுத்தியல். நர்சம்மா வீட்டுக் கூரையை ஒவ்வொரு அடியாகத் தட்டினார். சில இடத்தில் ‘டங்’, சில இடத்தில் ‘டொப்’.

“கான்கிரீட்டுக்கு வாய் கிடையாதுங்க. தட்டுனா பேசும்” என்றார். எனக்குப் பிடித்துப்போய் உடனே குறித்துக்கொண்டேன். “இந்த டொப்புங்கறது என்ன சார்?”

“உள்ள தண்ணி குடியிருக்குன்னு அர்த்தம். வாங்க, எந்த வழியா வந்துச்சுன்னு பாப்போம்.”

மாடியில் மழைத்தண்ணீர் இறங்க இரண்டு ஓட்டைகள். இரண்டும் மண்மூடிக் கிடந்தன. ஒன்றுக்குள் கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார். கறுத்துப்போன துணிச்சுருள் வந்தது. அதன் மடிப்பெல்லாம் நெல், முளைத்து, வேர்விட்டு, அப்படியே காய்ந்து பாய்போலப் பின்னியிருந்தது.

“நாத்தங்கால் விட்டிருக்கீங்க” என்று சிரித்தார். “ஓட்டைய அடைச்சா மழை எங்க போகும்? ஒரு சீசன் பூரா இங்கயே நின்னுருக்கு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீலக்கட்டம் போட்ட அந்தத் துணி என் லுங்கி. நெல் குழாய்வழி போய்விடக் கூடாதென்று போன குறுவைக்கு நான்தான் அதை இரண்டாகக் கிழித்து இரண்டு ஓட்டையிலும் திணித்தேன். மறுநாள் லாரி வந்துவிட்டது, மேகமும் கட்டியது. மூட்டையை இறக்குகிற அவசரத்தில் மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் மேசை நாற்காலி போட்டுக் கூட்டம் கூடினோம். பழுது பார்க்கத் தொகை வேண்டும். இனி மாதாமாதம் ஒரு பொது நிதியும் சேர்க்க வேண்டும். என் மடியில் ஒரு பையில் அந்த லுங்கி. பேச்சை ஆரம்பித்ததுமே தரைத்தளத்துப் பெரியவர் கையை உயர்த்தினார். மிராசுக் குடும்பம். நில உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம், குத்தகை வழக்கில் கொஞ்சம் என்று நிலம் போய், மிச்சத்தை வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தவர்.

“எனக்கு மேல ரெண்டு வீடு இருக்கு. மாடி ஒழுகுனா எனக்கு என்ன? உங்கப்பா எங்க நிலத்துக்கு சட்டம் பேசுனாரு. நீ இப்ப மொட்டை மாடிக்கு சட்டம் பேசுறியா?”

“எங்கப்பா உழுதது உங்க நிலம் இல்லீங்கய்யா, பக்கத்தூரு” என்றேன்.

“எல்லாம் ஒண்ணுதான். எவன் ஓட்டைய அடைச்சானோ அவன் செலவு பண்ணட்டும். அதான் நியாயம்.”

நாலைந்து தலைகள் ஆடின. தலைமடையில் ஒருத்தன் மடையை அடைத்தால் அவனைத்தானே கேட்பார்கள். நர்சம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கூட்டம் அதோடு கலைந்துவிடும். ஐப்பசிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

பையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டேன். “என் லுங்கிதான். நான்தான் அடைச்சேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்புறம் என்ன, வழக்கு தீந்துச்சு.”

“தீரலீங்கய்யா” என்றார் நர்சம்மா. குரல் உயரவேயில்லை. “அந்த லுங்கிக்கு மேல காஞ்சது யாரு நெல்லு?”

பெரியவர் சாய்ந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

“அண்ணன் நெல்லு பத்து மூட்டை. உங்களுது இருபது. டூட்டி முடிஞ்சு வந்து படுத்தா, உங்க ஆளு தலைக்கு மேல நெல்லு தள்ளுற சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்ல. அன்னிக்கு நான் ஒரு வார்த்தை கேட்டனா? நெல்லு காயறப்ப மாடி உங்களுது, ஒழுகறப்ப மட்டும் எங்களுதா?”

பெரியவர் லுங்கியை விரல் நுனியால் இழுத்துப் பார்த்தார். காய்ந்த வேரிலிருந்து ஒரு பதரை எடுத்து நசுக்கினார்.

“ஏன்பா, இதுல எது என் நெல்லு, எது ஒன் நெல்லு?”

“பிரிபடாத பங்குங்கய்யா” என்றேன்.

“வாய் மட்டும் குறைச்சலில்ல” என்றவர் விரலைத் துடைத்துக்கொண்டே, “ஆகவேண்டியதப் பாரு. ஆனா அடைச்சவனுக்கு ஒரு தெண்டம் உண்டு” என்றார். வருஷா வருஷம் ஆவணியில் மாடியைப் பெருக்கி, இரண்டு ஓட்டையிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே விழுகிறதா என்று எல்லோருக்கும் காட்ட வேண்டியது நான். வாய்க்காலில் தண்ணீர் விடுமுன் தூர் வாருகிற மாதிரி. அதைத் தீர்மானப் புத்தகத்தில் என் முத்துக் கையெழுத்திலேயே எழுதினேன். நெல் காயப்போடக் கூடாது என்பதையும் அதற்குக் கீழே எழுதினேன். அதுதான் பலருக்குப் பணம் கொடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தட்டோட்டைப் பெயர்த்து, துருவைச் சுரண்டி, புதுப் பூச்சுப் பூசி முடிக்க ஐப்பசி பிறந்து இரண்டு நாளாகிவிட்டது. மூன்றாம் நாள் மழை. காலை பத்து மணி; நர்சம்மா தூங்குகிற நேரம். நான் படியிறங்கிப் போய்க் குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஓட்டுத் தூசியோடு சிவப்பாக வந்தது, பிறகு தெளிந்தது. விழுந்த இடத்தில் பெரியவரின் ஸ்கூட்டர் நின்றது.

“சீட்டு பூரா நனையுது பாரு, இதுக்குத்தான் காசு குடுத்தனா?” என்று ஜன்னலில் இருந்து சத்தம் போட்டார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

“தம்பி, ஒரு நிமிஷம்” என்றார், குரலைத் தாழ்த்தி. “அந்த இன்ஜினியர் வச்சிருந்தாரே சுத்தியல், அது மாதிரி ஒங்கிட்ட இருக்கா? எங்கூட்டு சமையல்கட்டுல ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டுப் போயேன்.”

கடையிலிருந்த சுத்தியலை எடுத்துவரப் போனேன்.